“எனக்கு ஒண்டும் இல்லை” என்கிறார் பெரியவர்

அண்மையில் கிளிவெட்டியில், பொதுநோக்கு மண்டபம் ஒன்றில், குருதி அமுக்கம் பார்ப்பதற்கு ஓர் ஒழுங்கு செய்திருந்தோம். இளைப்பாறிய தாதி ஒருவர் மனமுவந்து உதவிக்கு வந்திருந்தார். காலை எட்டு மணி முதல் நண்பகல் வரை காத்திருந்தோம். வந்தவர்களில் அநேகர் பெண்கள். அவர்களைச் சைக்கிளில் ஏற்றி வந்த ஆண்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். “ஐயா, நீங்களும் வாங்கோவன்” என்று தாதி அழைத்தபோது, “எனக்கென்ன பிள்ளை, நான் நல்லாத்தானே இருக்கிறன்” என்று சொல்லிச் சிரித்துவிட்டு வெளியே போய்விட்டார்கள்.

ஆண்கள் மண்டபத்துக்கு வராவிட்டால் அவர்கள் இருக்கும் இடத்துக்கு நாமே போவது என்று தீர்மானித்தோம். மறுநாள் அதிகாலை, வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வருகிறவர்கள் கூடும் தேநீர்க் கடையின் வாங்கில் கருவியோடு அமர்ந்தோம். தேநீருக்கு முன்னரே பார்க்க வேண்டும், பீடி பற்றவைத்தவர் அரைமணி நேரம் பொறுக்க வேண்டும் என்று தாதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதலில் கையை நீட்டியவர் எழுபது வயதை அண்டியவர்; வெயிலில் கறுத்து இறுகிய உடம்பு. கருவி 186க்கு 108 என்று காட்டியது. ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கவிட்டு மீண்டும் பார்த்தார் தாதி. 182க்கு 106.

“ஐயா, இது நல்லாக் கூட.”

“என்ன கூட? தலையிடி இல்லை, தலைச்சுத்து இல்லை. நேற்றும் ரெண்டு உரப்பை தூக்கினனான். உங்கட மெசினைத்தான் பிள்ளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும்.”

கடை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். பிற்பாடு வீடு திரும்பும் வழியில் அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அந்தப் பெரியவர் அறிவில்லாதவரல்லர். தன் கண்ணுக்கும் உடம்புக்கும் தெரிந்ததை வைத்துத்தான் பேசினார். அவருடைய கணக்கு எங்கே பிழைக்கிறது என்பதை அவருடைய இடத்திலிருந்து பார்க்காமல், ‘உப்பைக் குறை, குளிசையைப் போடு’ என்று உபதேசம் பண்ணுவதில் பயனில்லை. அதனால் அடுத்த சில வாரங்கள் முதியவர்களோடு இருந்து கதைத்தேன். அவர்கள் சொன்னவற்றையும், மருத்துவம் அறிந்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

நோவில்லாத நோய்

கமக்காரனுக்கு உடம்பு ஒரு வேலைக் கருவி. மண்வெட்டி வெட்டும்வரை அதை யாரும் திருத்தக் கொடுப்பதில்லை. காய்ச்சல் வந்தால் படுப்பான்; பாம்பு கடித்தால் ஓடுவான்; முதுகு பிடித்தால் எண்ணெய் தேய்ப்பான். நோவு என்ற தூதன் வந்து சொன்னால்தான் நோய் உண்டு. குருதி அமுக்கமோ தூதன் அனுப்புவதில்லை. மேல் அளவு 180 இருக்கும்போதும் பெரும்பாலானோருக்குத் தலையிடிகூட வருவதில்லை. பத்து வருடம், பதினைந்து வருடம் சத்தமின்றி இருந்துவிட்டு, ஒரு காலைப்பொழுதில் மூளையிலோ இதயத்திலோ சிறுநீரகத்திலோ வெளிப்படும்.

இது எம்மவர்க்கு மட்டும் உரிய மயக்கமன்று. 1985இல் அமெரிக்காவில் ஹவார்ட் லெவெந்தால் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் குருதி அமுக்க நோயாளரிடம் கேட்டறிந்ததை வெளியிட்டார்கள். ‘அமுக்கம் ஏறியிருப்பது ஒருவருக்குத் தெரியாது’ என்பதைப் பெரும்பாலானோர் ஒப்புக்கொண்டார்கள். அதே ஆட்கள், ‘எனக்கு மட்டும் தெரியும்’ என்றும் சொன்னார்கள். தலையிடி வந்தால் ஏறிவிட்டது, இல்லாவிட்டால் இறங்கிவிட்டது என்று தாமே தீர்மானித்து, அதன்படி குளிசையைப் போட்டார்கள் அல்லது விட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் 30 முதல் 79 வயது வரையானவர்களில் 128 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. அவர்களில் 100க்கு 46 பேர் தமக்கு அது இருப்பதையே அறியாதவர்கள்.

இதை எப்படி விளக்குவது என்று நான் தடுமாறிக் கொண்டிருந்தபோது வழிகாட்டியவர், ஒரு காலத்தில் வட்டை விதானையாக இருந்த முதியவர் ஒருவர். அல்லை நீர்ப்பாசனத் திட்டத்தின் வாய்க்கால்களோடு வாழ்நாளைக் கழித்தவர். நான் சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டு, “அப்ப இது நண்டு வளை மாதிரி” என்றார்.

“எப்படி ஐயா?”

“வரம்பில நண்டு வளை விழுந்தா வெளியில ஒண்டும் தெரியாது, பாதர். பச்சையாப் புல் நிக்கும். தண்ணி மட்டம் கூடிக் கொண்டே நிண்டா வளை உள்ளுக்குள்ள பெருக்கும். ஒரு ராத்திரிக்குள்ள வரம்பு போயிடும். அதுக்குத்தான் நாங்க நடந்து பாக்கிறம். வரம்பு கத்தாது.”

மருத்துவ நூல் சொல்வதும் இதையேதான். குருதி பாயும் குழாய்களின் உட்சுவரை ஓயாத அமுக்கம் அரிக்கிறது. சுவர் தடித்து இறுகுகிறது. சில இடங்களில் அடைபடுகிறது, சில இடங்களில் வெடிக்கிறது. வக்கடையைத் திறந்து மட்டத்தைக் குறைப்பதுதான் குளிசையின் வேலை. வளை அடைபட்டதா என்பது வரம்பின் மேற்புறத்தைப் பார்த்துத் தெரிவதில்லை. அளந்துதான் அறிய வேண்டும். வேறு வேறு நாட்களில் இளைப்பாறிய நிலையில் எடுத்த அளவு 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் வைத்தியரிடம் போக வேண்டும். ஒரு நாள் அளவை மட்டும் வைத்துப் பதறத் தேவையில்லை. வெள்ளை உடுப்பைக் கண்டாலே ஏறுகிறவர்களும் உண்டு.

‘கொதிப்பு’ என்ற பெயர்

நோய்க்கு நாம் வைத்த பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று எனக்குப் படுகிறது. ‘இரத்தக் கொதிப்பு’ என்றால் கோபக்காரனுக்கு வருவது, உடம்பில் சூடு கூடியவனுக்கு வருவது என்ற எண்ணம் தானாக எழுகிறது. “நான் ஆரோடயும் கோவிக்கிறேல்லை, எனக்கெப்படிப் பிரசர்?” என்று ஒருவர் என்னிடம் நியாயம் கேட்டார். இன்னொருவர் இளநீரும் மோரும் குடித்து உடம்பைக் குளிரப் பண்ணுகிறார். இளநீர் நல்லதுதான்; ஆனால் அது குளிசையின் இடத்தைப் பிடிக்காது. சிறுநீரகம் பழுதடைந்தவர் இளநீர் குடிக்கு முன் வைத்தியரைக் கேட்பதும் அவசியம். அதிலுள்ள பொட்டாசியம் அவர்களுக்குத் தீங்காகலாம்.

மற்றவர்கள் அதை ‘யோசனை நோய்’ என்கிறார்கள். இங்கே நான் சற்று நிதானித்தே எழுத வேண்டும். இந்தப் பகுதியின் முதியவர் ஒருவருக்கு யோசிப்பதற்கு என்ன குறை? அருகிலுள்ள குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11ஆந் திகதி நடந்த படுகொலை ஒன்று. 2004 சுனாமி மூதூர், ஈச்சிலம்பற்றுக் கரைகளைத் தின்றது. 2006 ஏப்ரலில் தொடங்கிய இடப்பெயர்வில் சம்பூர்ப் பக்கத்து மக்கள் வெருகல் தாண்டி, வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, 2007இல் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். தறப்பாளுக்கும் தகரத்துக்கும் கீழே ஆண்டுகள் கழிந்தன. 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் அவர்களுடைய காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டன. இத்தனையையும் தாங்கியவர், ‘யோசனையால்தான் வந்தது’ என்று சொன்னால் அதில் உண்மை இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? மனவருத்தமும் உறக்கமின்மையும் அமுக்கத்தை ஏற்றுவது உண்டு. கவலைக்குத் துணையாகச் சேர்ந்துகொள்ளும் புகையும் சாராயமும் இன்னும் ஏற்றும்.

ஆனால் அந்த உண்மையிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவுதான் ஆபத்தானது. முகாமில் இருந்த காலத்தில் குளிசை போட்டு வந்த ஒருவர், காணி திரும்பக் கிடைத்து ஊருக்குப் போனதும் நிறுத்திவிட்டார். “காணி வந்திட்டுது, யோசனை போயிட்டுது, இனிப் பிரசர் ஏன்?” என்பது அவருடைய வாதம். கேட்பதற்கு அழகான வாதம்தான். யோசனை தீர்ந்தாலும் இறுகிய குழாய் இளகிவிடுவதில்லை. வயது, பரம்பரை, உப்பு, உடற்பருமன், சிறுநீரகம் என்று வேறு பல வேர்களும் அதற்கு உண்டு. வாழ்நாளில் எதற்கும் கவலைப்பட்டறியாத மனிதனுக்கும் 170 இருக்கலாம்.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். தேநீர்க் கடையில் எல்லோரும் சேர்ந்து என் கையையும் கட்டுவித்தார்கள். 152க்கு 96 காட்டியது. “நேற்று ராத்திரி நித்திரை இல்லை, அதுதான்” என்றேன். முதல் நாள் அவர்கள் சொன்ன அதே வார்த்தை! நாற்பதுகளில் இருக்கும் நானும் மூன்று கிழமை இழுத்தடித்த பின்னரே வைத்தியரிடம் போனேன். படித்தவனுக்குச் சாக்குக் கொஞ்சம் நீளமாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

“இந்த வயதுக்கு இது இருக்கத்தானே செய்யும்”

‘நூறோடு வயதைக் கூட்டினால் வருவது சரியான அளவு’ என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். எழுபது வயதுக்காரருக்கு 170 சரிதானாம். இது அவர்கள் கற்பித்த கதையன்று. முற்காலத்தில் வைத்தியர்களே சொல்லி வந்த கணக்கு. மருத்துவம் அதைக் கைவிட்டுப் பல காலமாயிற்று. ஊர்வாய் மட்டும் விடவில்லை.

வயது போனவர்களுக்கு மருந்து பயன் தருமா என்ற ஐயம் வைத்தியர்களுக்கும் இருந்ததுண்டு. 2008இல் அதற்குத் தெளிவான விடை வந்தது. பல நாடுகளில் 80 வயதும் அதற்கு மேலுமான 3,845 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வில், மருந்து எடுத்தவர்களிடம் மரணம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இதயத் தளர்ச்சியும் வெகுவாகக் குறைந்தது. வேறு நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த கணக்கு ஒன்று, மேல் அளவு பத்து இறங்கினாலே பாரிசவாதம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைகிறது என்று காட்டியது. ஆகவே, ‘இனி எனக்கென்ன’ என்று எழுபது வயதுக்காரர் சொல்ல இடமில்லை. மிக வயதானவர்களுக்கு அளவை மெல்ல மெல்லத்தான் இறக்க வேண்டும். எழும்பும்போது தலைச்சுற்று வந்தால் சொல்ல வேண்டும். அது வைத்தியருடைய பொறுப்பு.

சாவுக்குப் பயமில்லை

முதியவர்களிடம் நான் தொடக்கத்தில் செய்த பெரிய பிழை, மரணத்தைக் காட்டிப் பயமுறுத்தப் பார்த்தது. “கவனிக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து” என்றேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. ஷெல் விழுந்த இரவுகளில் பிள்ளைகளைத் தோளில் போட்டு ஓடியவர்களிடம் ஒரு கருவியின் இலக்கத்தைக் காட்டிச் சாவைப் பற்றிப் பேசுகிறேன்! “பாதர், நாங்க சாகாம விட்டதே போதும். நெஞ்சு பிடிச்சுப் போனா அது நல்ல சாவு” என்றார் ஒருவர். பக்கத்திலிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

அப்போது கடைக்காரர் யாரோ ஒருவருடைய பெயரைச் சொன்னார். எல்லோரும் மௌனமானார்கள். ஊரில் பேர்போன உழைப்பாளி. பெரும்போக அறுவடை நேரத்தில் ஒரு காலை, வாய் ஒரு பக்கம் கோணி, வலது கை விழுந்து, பேச்சுப் போய்விட்டது. இப்போது நான்கு வருடமாகத் திண்ணைக் கட்டிலில் இருக்கிறார். மனைவி ஊட்டிவிடுகிறார்; மகள் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு வீட்டோடு நிற்கிறாள். காணிக்காகப் பத்து வருடம் காத்திருந்து, காடாய்க் கிடந்ததை வெட்டித் திருத்தியவர். அந்த நிலத்தில் மூன்று போகம்தான் தன் கையால் விதைத்தார். இப்போது அது குத்தகைக்குப் போகிறது.

“அப்படிக் கிடக்கிறது மட்டும் வேண்டாம்” என்றார், நல்ல சாவைப் பற்றிப் பேசிய அதே மனிதர்.

குருதி அமுக்கத்தின் தலையாய விளைவு இந்தப் பாரிசவாதம்தான். இதை அவர்கள் அறியாதவர்களல்லர். எல்லோரும் ஒவ்வொரு திண்ணையில் கண்டிருக்கிறார்கள். திண்ணைக் கட்டிலுக்கும் கருவி காட்டிய இலக்கத்துக்கும் தொடுப்பு இருக்கிறது என்பதுதான் தெரியாதிருந்தது. பாரிசவாதம் ‘காற்றுப் பட்டது’, ‘செய்வினை’, ‘விதி’ என்று நினைத்திருந்தார்கள். தொடுப்பை விளக்கியதும் கடையில் யாரும் பகிடி விடவில்லை. ஒருவர் எழுந்து வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையை நீட்டினார்.

குளிசை மேல் வழக்கு

பிறகு வந்த கேள்விகள் குளிசையைப் பற்றியவை. அதிகம் கேட்கப்பட்டது: “குளிசை கிட்னியைப் பழுதாக்குமாமே?” இந்தப் பயத்துக்கு நியாயமான பின்னணி உண்டு. வடமத்திய மாகாணத்துக் கமக்காரரிடையே 1990கள் முதல் அறியப்பட்ட, காரணம் இன்னும் முடிவாகாத சிறுநீரக நோய், எமது மாவட்டத்தின் பதவி சிறிபுரப் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. அங்கு இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர்கள் கை நிறையக் குளிசையோடு திரிவதைப் பார்த்தவர்கள், குளிசையால்தான் நோய் வந்தது என்று முடிச்சுப் போட்டுவிட்டார்கள். உண்மை நேர்மாறானது. கட்டுப்படுத்தப்படாத குருதி அமுக்கம்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கும் முக்கிய காரணங்களுள் ஒன்று. சென்னைச் சிறுநீரக வைத்தியர் எம். கே. மணி, சிறுநீரகம் பழுதானபின் செய்யும் சிகிச்சை ஏழைக் கிராமத்தவனுக்கு எட்டாது என்று கண்டு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து, வீடு வீடாக அமுக்கமும் சர்க்கரையும் பார்க்கச் செய்தார். கொடுத்த மருந்துகள் மிக மலிவான பழைய குளிசைகள். சிறுநீரகத்தைக் காப்பதற்கே கொடுத்தார். உண்மையில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை, உடம்பு நோவுக்கென்று கடையில் கேட்டு வாங்கி நாட்கணக்கில் விழுங்கும் சில நோவுக் குளிசைகள். அவற்றுட் சில அமுக்கத்தையும் ஏற்றும். அவற்றைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை!

“ஒருக்கா துவங்கினா நிப்பாட்டேலாதாமே” என்பது இன்னொன்று. அநேகமானோர் தொடர்ந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். அது போதைப் பழக்கத்தைப் போன்றதன்று. நெல் ஒவ்வொரு போகமும் தண்ணீர் கேட்பது போன்றது. கணுக்கால் வீங்கினாலோ, வறட்டு இருமல் தொல்லை கொடுத்தாலோ, அது குளிசையால் வருவதாக இருக்கலாம்; வைத்தியரிடம் சொன்னால் வேறு குளிசை மாற்றித் தருவார். தானாக நிறுத்துவது கூடாது. சில வகை மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் அமுக்கம் முன்னிலும் மேலே பாயும்.

மூன்றாவது கேள்வியை எல்லோரும் போன பிறகு, என்னைத் தனியே அழைத்து, கால்விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு ஒருவர் கேட்டார். குருவானவரிடம் கேட்க வெட்கப்பட்டாலும், கேட்காமலும் இருக்க முடியவில்லை. குளிசை போட்டால் இல்லற வாழ்வு பாதிக்குமா என்பதே அது. சில வகைக் குளிசைகளால் சிலருக்கு அப்படி நேர்வதுண்டு. மருந்தில்லாமல் விட்ட குருதி அமுக்கமே அதே குழாய்களைக் கெடுத்து அதே குறையைக் கொண்டுவருவதும் உண்டு. இதையும் வைத்தியரிடம் கூச்சமின்றிச் சொல்லலாம். அவர்கள் இதை நூறு முறை கேட்டிருப்பார்கள்.

கிளினிக்குக்குப் போகாததற்கு ஆண்கள் மட்டுமா காரணம்?

ஆண்களின் எண்ணத்தை மட்டும் குறை சொல்லிக் கொண்டிருப்பது நேர்மையாகாது. அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் மருந்து இலவசம். அது இந்நாட்டின் பெருமை. ஆனால் அதிகாலையில் போய் இலக்கம் எடுத்து, வைத்தியரைக் கண்டு, மருந்து வாங்கித் திரும்புவதற்குள் ஒரு நாள் கழிந்துவிடும். விதைப்புக் காலத்தில் தண்ணீர் முறை வரும் நாளும் கிளினிக் நாளும் ஒன்றாக வந்தால் கமக்காரன் எதைத் தெரிவான்? கூலிக்குப் போகிறவருக்கு அன்றைய சம்பளமும் இல்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, வெளியே வாங்கும்படி துண்டு கொடுக்கப்பட்டவர்கள் பலர். அப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுப் பழகியவர்கள் இன்னும் அப்படியே செய்கிறார்கள்.

2011 முதல் இலங்கை எங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் திறக்கப்பட்டன; நோய் தெரியாத நடுத்தர வயதினரைப் பரிசோதிப்பதே நோக்கம். அங்கும் பெண்களே பெருமளவில் வருகிறார்கள் என்பது சுகாதாரத் துறையினர் வெளிப்படையாகச் சொல்லும் குறை. வேலை நேரத்தில் திறந்து வேலை நேரத்திலேயே மூடினால் வேறெப்படி இருக்கும்?

மருந்தும் அளவும் வீட்டைத் தேடி வந்தால் நிலைமை மாறும் என்பதற்குச் சான்று உண்டு. பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமியப் பகுதிகளில் 2,645 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்த ஆய்வொன்று 2020இல் வெளிவந்தது. இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தார் இதில் பங்குகொண்டார்கள். வீடுகளுக்குப் போய் அமுக்கம் பார்த்து ஆலோசனை சொன்னவர்கள் எமது குடும்பநல உத்தியோகத்தர்களே. வீட்டுக்குப் போன பகுதிகளில், போகாத பகுதிகளைவிட மேல் அளவு சராசரியாக ஐந்து மேலதிகமாக இறங்கியது. தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், அமுக்கத்துக்கும் சர்க்கரைக்குமான குளிசைகளை வீட்டு வாசலிலேயே கொடுக்கிறது. இத்தகையதொன்றை எமது பகுதியிலும் கேட்பதற்குக் கமக்காரர் அமைப்புகள் முன்வரலாம். உர மானியத்துக்கு எழுதும் அதே கடதாசியில் இன்னொரு பந்தி எழுதினால் போதும். கிளினிக் நாளை நீர் முறையோடு முட்டாமல் வைக்கும்படி வைத்திய அதிகாரியிடம் கேட்பதும் பெரிய காரியமன்று.

சட்டியும் பையும்

உப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல், கறி, சம்பல், கருவாடு, ஊறுகாய், பிஸ்கற் எல்லாவற்றிலும் சேர்த்து. “வேர்க்கிறவனுக்கு உப்பு வேணும்” என்கிறார்கள். வேர்ப்பவனுக்கு முதலில் வேண்டியது தண்ணீர். வேர்வையில் போகும் உப்பை எமது சாதாரண சாப்பாடே பொதுவாக ஈடுசெய்துவிடும். முகாமில் மரக்கறி அரிதாகி, கருவாடும் சம்பலும் சோற்றை இறக்கிய காலத்தில் நாக்கு பழகிவிட்டது. தனிச் சட்டி வைத்துப் பெரியவருக்கு மட்டும் உப்பில்லாமல் சமைத்தால் அவர் இரண்டாம் நாளே பக்கத்து வீட்டில் சாப்பிடுவார். முழு வீட்டுக்குமே சிறிது சிறிதாகக் குறைத்து, தேசிக்காய், புளி, மிளகு கூட்டிப் பாருங்கள். சில கிழமைகளில் நாக்கு ஒத்துக்கொள்ளும். பீடி, சுருட்டு, புகையிலை, கசிப்பு ஆகியவற்றைப் பற்றி நான் எழுதாமலே உங்களுக்குத் தெரியும்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது இன்னொன்றை. இடம்பெயர்ந்த ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரு பை உண்டு. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம். எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றிக் கட்டிலுக்கு மேலே மாட்டியிருப்பார்கள். 2006இல் ஓடியவர்கள் அந்தப் பையைத் தூக்கினார்கள். கிளினிக் கொப்பி கூரையில் செருகியபடி நின்றுவிட்டது. வாகரையிலும் மட்டக்களப்பிலும் வைத்தியர்கள், “என்ன குளிசை போட்டீர்கள்?” என்று கேட்க, “வெள்ளையா, வட்டமா ஒண்டு” என்றார்கள். எத்தனை வெள்ளைக் குளிசைகள் இருக்கின்றன! இப்போது சண்டை இல்லை. வெருகல் வெள்ளம் இருக்கிறது, சூறாவளி இருக்கிறது. கிளினிக் கொப்பியையும் ஒரு கிழமைக்கான குளிசையையும் காணி உறுதியோடு அதே பையில் வையுங்கள். கொப்பியில் உள்ள மருந்துப் பெயரைப் பேரப்பிள்ளையைக் கொண்டு கைத்தொலைபேசியில் படம் எடுத்தும் வைக்கலாம்.

கடைசியாக, வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால், எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். குழாய் அடைபட்டு வந்த பாரிசவாதமானால், அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். அடைப்பா வெடிப்பா என்பதை முதலில் படம் பிடித்துப் பார்க்கும் வசதி உள்ள வைத்தியசாலையில்தான் அது முடியும். வாயில் தண்ணீரோ குளிசையோ கொடுக்க வேண்டாம், புரைக்கேறும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வைத்தியர் கேட்கும் முதற் கேள்வி அதுதான். முன்பு மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் போக லோஞ்சும் பாதையும் பார்த்து நிற்க வேண்டியிருந்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்து, பின்னர் மற்றப் பாலங்களும் வந்தபின் வாகனம் நேரே ஓடுகிறது. 2016இல் தொடங்கிப் பிற்பாடு நாடெங்கும் விரிந்த ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990. தமிழிலும் கதைக்கலாம்.

தேநீர்க் கடையில் முதலாவதாகக் கை நீட்டிய அந்தப் பெரியவருடைய வீட்டுக்குப் போன கிழமை போயிருந்தேன். கிளினிக்குக்கு இரண்டு தடவை போய் வந்திருக்கிறார்; குளிசை வெற்றிலைப் பைக்குள் இருந்தது. “கூடினது மெசின் பிழையாலதான், எண்டாலும் போட்டு வைப்பம்” என்றார். வாசல் நிலைக்கு மேலே 1990 என்று கரியால் பெரிதாக எழுதியிருந்தது. ஆண்டு என்று நினைத்து, “அந்த வருசம் என்ன நடந்தது ஐயா?” என்று கேட்டேன். அவருடைய மனைவி உள்ளிருந்து சிரித்தபடி வந்தார்.